சின்சினாட்டியில் ஒரு திங்கட்கிழமை

அமெரிக்க விளையாட்டுகளில் ஒரு வாரத்தின் சிறந்த காட்சிகளைத் தொகுத்துப் போடுவார்கள். கூடைப்பந்து, ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி எல்லாம் சில நிமிடங்களில் ஓடி முடியும். விரும்பிப் பார்ப்பேன். ஆனால் 2023 ஜனவரி முதல் வாரம் என்றால், எந்தத் தொகுப்பிலும் சேராத ஒரு காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

ஜனவரி 2, திங்கள் இரவு கிளீவ்லாந்தில் கூடைப்பந்து வீரர் டோனவன் மிட்செல் தனியொருவராக 71 புள்ளிகள் எடுத்தார். 2006இல் கோபி பிரையன்ட் 81 எடுத்த பிறகு அன்றுவரை என்பிஏவில் அந்த உயரத்தை யாரும் தொட்டிருக்கவில்லை. கடைசி விநாடிகளில் ஒரு ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டு, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தானே பாய்ந்து பிடித்துக் கூடைக்குள் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். என்ன துணிச்சல்!

அதே இரவு, அதே ஒஹையோ மாநிலத்தில், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் ஒன்றில் சின்சினாட்டி பெங்கால்ஸுடன் பஃபலோ பில்ஸ் மோதிக்கொண்டிருந்தது. பந்தோடு ஓடி வந்த பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திய பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் எழுந்து நின்றார். மறுகணம் அப்படியே பின்னால் சாய்ந்தார். வயது 24. மார்பில் படும் அடி, துடிப்பின் இடையே நூலிழை போன்ற ஒரு கணத்தில் விழுந்தால் நல்ல இதயமும் நின்றுபோகும். பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்குக்கூட இப்படி நேர்வதுண்டு. ஹாம்லின் சாய்ந்ததற்குக் காரணம் அதுதான் என்று பின்னர் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள்.

பில்ஸ் அணியின் உதவிப் பயிற்சி மருத்துவப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் புல்தரையிலேயே அவர் மார்பை அழுத்தி அழுத்தி உயிரைப் பிடித்து நிறுத்தினார். பில்ஸ் வீரர்கள் சுற்றி வளையமாக நின்று அந்த உடலைக் கேமராக்களிடமிருந்து மறைத்தார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எதையும் பத்துக் கோணத்தில் திரும்பக் காட்டும் ஒரு விளையாட்டில், இதைக் காட்டக் கூடாது என்று ஆட்டக்காரர்களே முடிவெடுத்தார்கள். அந்த வாரத்தின் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்பேன்.

ஆட்டம் நின்றது, பிறகு ரத்தே செய்யப்பட்டது. மருத்துவமனையில் கண்விழித்த ஹாம்லின் பேச முடியாமல் எழுதிக் கேட்ட கேள்வி, நாம் ஜெயித்தோமா என்பது. குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் இலக்கோடு அவர் தொடங்கியிருந்த நிதி, சில நாட்களில் 80 லட்சம் டாலரைத் தாண்டியது. அவரை முன்பின் அறியாதவர்களுக்கு, அவருக்கு வேறு எப்படி உதவுவதென்று தெரியவில்லை.

ஞாயிறன்று பஃபலோவில் பில்ஸ் மீண்டும் களமிறங்கியது. எதிரணி உதைத்த முதல் பந்தையே பிடித்த நைஹைம் ஹைன்ஸ் 96 கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். பிற்பாதியில் மறுபடியும் 101 கெஜம். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

அதே ஆண்டு ஜூலையில் விளையாட்டுக்கான எஸ்பி விருது விழாவில் பில்ஸின் பயிற்சி மருத்துவக் குழு கௌரவிக்கப்பட்டது. கெல்லிங்டனும் மேடையில் இருந்தார். விருதை வழங்க வந்தவர் ஹாம்லின்.