மாதவி ஆடிய இரவு

சென்ற வைகாசி மாதத்தில் ஓரிரவு, முரசுமோட்டையிலே கோயில் வெளியில் கோவலன் கூத்து நடைபெற்றது. கண்ணகி வழிபாட்டை ஒட்டி முல்லைத்தீவுப் பகுதியில் வழிவழியாக ஆடப்பட்டு வரும் கூத்து அது. எமது அன்னையார் எழுபத்துநான்கு வயதினர். முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது, பன்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எமக்கு முன்னே புறப்பட்டுவிட்டார். எமது மகளும் உடன் வந்தாள். வந்தாளேயன்றி அப்பம்மாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

காரணம் உண்டு. பன்னிரண்டு வயதினளான அவள், கிளிநொச்சி நகரில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பிற் சேர விரும்பினாள். அன்னையார் மறுத்தார். "எங்கடை குடும்பத்திலை சின்னமேளம் ஆடின ஆக்கள் இல்லை" என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. கல்லூரியிலே மாணவருக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை விரித்துரைக்கும் நாம், வீட்டிலே வாய் திறந்தோமில்லை. இதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சின்னமேளம் என்ற சொல்லை இக்கால மாணவர் பலர் அறியார். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலே நாகசுவரமும் தவிலும் பெரியமேளம். தேவதாசி மரபினர் ஆடிய சதிர் சின்னமேளம். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் நடந்த அவ்வாட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அன்னையார் தீவகத்திலே சிறுமியாய் இருந்த காலத்தில், சின்னமேளம் தொடங்குமுன் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆண்கள் விடியும்வரை இருப்பார்களாம். ஆடியவள் இழிந்தவள்; இருந்து பார்த்தவர் ஊர்ப் பெரியவர்!

யப்பானிலும் ஆடலையே தொழிலாகக் கொண்ட மகளிர் உண்டு. கெய்சா எனப்படும் அவர்கள் தேநீர் விடுதிகளின் உள்ளறைகளிலே செல்வர் சிலர் முன்னிலையில் ஆடிவந்தனர். தலைநகர் தோக்கியோவுக்கு மாறியபின் களையிழந்த கியோத்தோ நகரைத் தூக்கி நிறுத்துவதற்காக 1872இல் ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது. அப்போது அம்மகளிரின் ஆடல் பொதுமேடைக்கு வந்தது. 'மியாகோ ஒதோரி' என்னும் அவ்வாடலை, நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் ஏப்பிரல் மாதத்திலே கண்டு களிக்கலாம்.

நம்மவர் கதை சற்று வேறு. சென்னைச் சங்கீத வித்வத் சபை 1931இல் 'கல்யாணி புதல்வியர்' எனப்பட்ட சகோதரிகள் இருவரின் சதிரை மேடையேற்றியது. 1933இல் மீண்டும் ஏற்றியது. அதன்பின் சில ஆண்டுகளிலே பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. நல்ல குடும்பத்துப் பெண்களும் ஆடலாயினர். கியோத்தோவிலோ அம்மரபுப் பெண்களே இன்றும் ஆடுகின்றனர். சென்னை மேடைகளில், ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த வீட்டுப் பெண்கள் மெல்ல மெல்ல அருகினர். தஞ்சை மரபில் வந்த பாலசரசுவதி (1918–1984) போன்ற சிலரே நிலைத்து நின்றனர். 1961இல் அவர் தோக்கியோ சென்று ஆடினார் என்பதை நினைக்கும்போது எமக்கு ஓர் ஆறுதல்.

கூத்துக்கு வருவோம். நள்ளிரவு கடந்தபின் மாதவி களரியிற் புகுந்தாள். பகலிலே எம் அயலில் உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞரே அவர்! மத்தளம் அதிர, அண்ணாவியார் தாளத்தோடு பாட்டெடுத்துக் கொடுக்க, அவர் வட்டமிட்டு ஆடிய ஆட்டத்திலே உழவரை நாம் மறந்தோம். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறுமதியான மாலையைக் கூனி தெருவிலே விலை கூறி நின்றதாக இளங்கோவடிகள் பாடிய செய்தி எம் நினைவில் ஓடியது. கையில் மாலையை வைத்து விலை கூற ஒருத்தி வேண்டியிருந்தது. வாங்க ஒரு கோவலனும் வேண்டியிருந்தான். இதனை எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறோம்!

கோவலன் கைப்பொருள் இழந்த கட்டம் வந்தது. பக்கத்துப் பாயில் இருந்த மூதாட்டி ஒருவர், "பாழ்படுவாள், ஒரு குடும்பத்தைக் கெடுத்துப் போட்டாள்" என்று மாதவியை வாயாரத் திட்டினார். கூட்டத்திலே பலர் ஆமோதித்தனர். அன்னையாரும் சேர்ந்து திட்டுவார் என்றே எதிர்பார்த்தோம்.

அவர் வெற்றிலைத் துப்பலை ஒதுக்கிவிட்டு, "அவள் என்ன செய்வாள்? ஆடப் பழக்கினவை, ஆடினாள். காசு குடுத்தவனை ஏன் ஒருத்தரும் பேசிறியள் இல்லை?" என்றார்.

மூதாட்டி வாயடைத்துப்போனார். நாமுந்தான். மகள் மட்டும் திரும்பி அப்பம்மாவை ஒரு கணம் பார்த்தாள். பின் களரியை நோக்கிக் கொண்டாள்.

மதுரை எரிந்து முடியக் கிழக்கு வெளுத்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டே அன்னையார், யாரிடம் கேட்கிறார் என்று தெரியாத குரலில், "அந்த டான்ஸ் வகுப்புக்கு எத்தினை மணி பஸ்ஸிலை போகவேணும்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை ரெண்டு மணி பஸ், அப்பம்மா" என்றாள் மகள். மூன்று வாரங்களின் பின் அவள் அவரோடு பேசிய முதற் பேச்சு அது.