எதில் எழுதினீர்கள்?

எழுத்தாளர்களைப் பேட்டி காண்பதற்கென்று நம்மிடையே ஒரு வினாத்தாள் நிலைத்துவிட்டது. எழுத்துத் துறைக்கு எப்படி வந்தீர்கள், உங்களைப் பாதித்த எழுத்தாளர்கள் யார், இன்றைய ஈழத்து இலக்கியத்தின் போக்கு எப்படி இருக்கிறது, இறுதியாக இளம் எழுத்தாளர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். கேட்பவருக்கும் சிரமமில்லை, சொல்பவருக்கும் சிரமமில்லை. பதில்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஆளை மாற்றி, புகைப்படத்தை மாற்றி, அதே பேட்டியை அடுத்த இதழிலும் போட்டுவிடலாம்.

கடந்த இருபத்தைந்து வருடங்களாக, தொழில் போக மிஞ்சிய நேரத்தில், நமது எழுத்தாளர்களைத் தேடிப்போய்ப் பேசிவருகிறேன். அவற்றில் சில அச்சில் வந்தன. பெரும்பகுதி ஒலிநாடாக்களிலும் கொப்பிகளிலும் கிடக்கிறது. தொடக்கத்திலிருந்தே நான் முதலில் கேட்டுவருவது ஒரு சின்னக் கேள்வி: எதில் எழுதினீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். பிறகு கொஞ்சம் யோசிப்பார்கள். அதன்பிறகு வருவது மேடையில் சொல்லிப் பழகிய பதிலாக இராது. ஒருவர் கூட்டுறவுச் சங்கக் கடையின் பழைய பில் புத்தகங்களின் பின்புறத்தில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் ஆசிரியர், எழுபதுகளின் கடதாசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், திருத்தி முடித்த பரீட்சை விடைத்தாள்களில் மாணவர்கள் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்து எழுதினாராம். அவருடைய அக்காலக் கதைகள் எல்லாமே மிகச் சுருக்கமானவை. விமர்சகர்கள் அவரது சொற்சிக்கனத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். "சொற்சிக்கனமெல்லாம் ஒண்டுமில்ல தம்பி, கடதாசிச் சிக்கனந்தான்" என்றார் அவர். பாதி பகிடி, பாதி உண்மை.

இதையெல்லாம் கேட்டு வைப்பதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1885 இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திர’த்தை எடுத்துக்கொள்வோம். கண்டியில் சட்டத்தொழில் புரிந்துகொண்டு, 1882 முதல் ‘முஸ்லிம் நேச’னையும் நடத்திக்கொண்டு, கல்விக்காக ஓடித்திரிந்த அறிஞர் சித்திலெப்பை, கெய்ரோவையும் பம்பாயையும் கல்கத்தாவையும் களமாகக் கொண்ட ஒரு கதையை எழுதுகிறார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் பற்றிப் பேசும்போது அந்நூலைத் தவிர்த்துவிட்டு எவரும் பேசமுடியாது. அதன் இடம், காலம், முன்னோடித்தன்மை பற்றிய கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் எனக்கு அவரிடம் கேட்க வேண்டியிருப்பது வேறு. வழக்குக் கட்டுகளை எந்நேரத்தில் ஒதுக்கிவைத்தீர்கள்? எழுதிய பக்கங்களை யாருக்கு முதலில் வாசித்துக் காட்டினீர்கள்? கண்டியில் இருந்துகொண்டு கெய்ரோவின் தெருவை எப்படிக் கண்டீர்கள்? அவர் 1898 இல் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று நம்முடன் இருப்பவர்களிடமாவது கேட்டு வைக்கவேண்டாமா?

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி 2012 வரை கொண்டுவந்த ‘மல்லிகை’யின் அட்டையில் தன் முகம் வந்ததை, கிராமத்து முஸ்லிம் எழுத்தாளர்கள் சிலர் இன்றும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பௌசரின் ‘மூன்றாவது மனிதன்’ நீண்ட நேர்காணல்களுக்கு ஒரு மரியாதையைத் தந்தது. 2000 இல் தொடங்கிய தி. ஞானசேகரனின் ‘ஞான’மும் அப்படியே. உடத்தலவின்னையிலிருந்து மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் செய்த வேலை இன்னொரு வகை. எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் பற்றிய அவரது விபரத்திரட்டுத் தொகுதிகள் இல்லாவிட்டால், பல ஊர்களில் யார் எழுதினார்கள் என்பதே நமக்குத் தெரிந்திராது. 2016 இல் அவர் வபாத்தானபோது அந்த வேலையும் நின்றுபோனது போன்ற ஒரு வெறுமை ஏற்பட்டது. பிறந்த ஆண்டு, படித்த பாடசாலை, முதல் ஆக்கம், வெளிவந்த பத்திரிகை என்று அவர் நிறுத்தும் இடத்திலிருந்துதான் என் கேள்விகள் தொடங்குகின்றன.

2006 இல் மருதமுனைக்குப் போயிருந்தேன். 2004 டிசம்பர் 26 கடற்கோள் அந்த ஊருக்குச் செய்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. நான் தேடிப்போன கவிஞர் ஒரு நெசவுக்காரர். தறியோடும் நூல் கணக்கோடும் காலம் கழித்தவர். அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை கவியரங்குகளில் அவரது குரலைக் கேட்காதவர்கள் குறைவு. தகரப் பெட்டியொன்றில் அவரது ஏழு கொப்பிகள் இருந்தன. பெட்டியும் போனது, பெட்டி இருந்த அறையும் போனது. வீட்டில் இழந்த உயிர்களைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எதில் எழுதினீர்கள் என்ற கேள்வியை அங்கே எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவராகவே ஒரு கொப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நிவாரணப் பொதியோடு வந்த பிள்ளைகளுக்கான கொப்பி. மேலுறையில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்னம். அதில், போன கவிதைகளை நினைவிலிருந்து மீட்டு எழுதியிருந்தார்.

"எல்லாம் வந்ததா?" என்று கேட்டேன்.

"எங்க மகன் வாறது! ஓசை உள்ளதெல்லாம் மறுகா வந்திச்சி. ஓசை இல்லாதது கடலோட போயித்து."

வெண்பாவும் விருத்தமும் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பி வந்திருந்தன. சில இடங்களில் ஒரு சீர் மறந்திருந்தால் அந்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டிருந்தார்; மறந்தது எத்தனை அசை என்பது அவருக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. எழுபதுகளுக்குப் பிறகு அவர் எழுதிய புதுக்கவிதைகளில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. ஒரு படிமம், ஒரு தலைப்பு, ஒரு முடிவு வரி, அவ்வளவுதான். மரபா புதிதா என்று நமது சஞ்சிகைகளில் நடந்த சண்டைகளை வாசித்து வளர்ந்தவன் நான். இரண்டு பக்கத்து வாதங்களும் எனக்கு மனப்பாடம். இப்படியொரு சாட்சியத்தை எந்தப் பக்கமும் கொண்டுவந்ததில்லை.

மரபுக்காரர்கள் அவசரப்பட்டு இதை எடுத்துக்கொண்டு போகவேண்டாம். அவர் அடுத்துச் சொன்னதையும் கேட்கவேண்டும். கொப்பியை மூடிவைத்துவிட்டு, "வந்ததெல்லாம் நல்லதில்ல. போனதுலதான் நல்லது இருந்திச்சி" என்றார். நினைவில் நின்றதையும் தரத்தையும் அவர் ஒன்றாக்கிக்கொள்ளவில்லை. கவியரங்கில் கைதட்டு வாங்கியவை திரும்பி வந்தன. இரவில் தனக்காக எழுதி எவருக்கும் வாசித்துக் காட்டாதவை போய்விட்டன. கவிதை பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடத் துல்லியமானது வேறில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே நின்றுகொண்டு எழுதியதை, 1958 இல் ‘பாரிஸ் ரிவியூ’வில் வந்த நேர்காணலில் படித்து உலகமே வியந்தது. நமது பெண் எழுத்தாளர்களைக் கேட்டால், நின்றுகொண்டு எழுதாதவர் யார் என்று கேட்பார்கள். அடுப்படித் திண்ணையில் கடதாசியை வைத்து, உலை கொதிக்கும் இடைவெளியில் நான்கு வரி. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ நிகழ்ச்சி இவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வாசலாக இருந்தது. பேனை வாங்கக் கடைக்குப் போகாதவர்களின் எழுத்து, வீட்டுக்கு வெளியே போனது வானொலி வழியாகத்தான்.

அப்படித் தொடங்கிய ஒருவருடன் மூன்று தடவை பேசினேன். ஊரைச் சொல்லமாட்டேன். அவருடைய உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அறபுத்தமிழில் மாலைகளை வாசிப்பார். மகள் எழுதிய கதையை மகளே வாசித்துக் காட்ட, உம்மா கேட்டுக்கொண்டிருந்து, "இந்த இடத்துல அவள் அழமாட்டாள்" என்று சொல்வாராம். அந்த உம்மாவை நம் முதல்தர விமர்சகர்களுள் ஒருவராகச் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பத்து வருடம் எழுதிய அவர் பிறகு இருபது வருடம் எழுதவில்லை. ஏன் என்று கேட்டபோது, "அந்த மெசினை நிப்பாட்டுங்க மகன்" என்றார். நிறுத்தினேன். கைக்கூலியைப் பற்றி அவர் எழுதிய கதையொன்றில் ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். புனைபெயர் காப்பாற்றவில்லை, வானொலியிலிருந்து கடிதம் கொண்டுவரும் தபால்காரருக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்தது. வாப்பாவை நிர்வாகிகள் அழைத்தார்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்பதை வாப்பா சாகும்வரை வீட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்து தொழுதுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம். மறுநாள் காலை மகள் தன் கொப்பிகளைத் தானே கட்டி மச்சில் போட்டுவிட்டார். எவரும் எழுதாதே என்று சொல்லவில்லை. அதை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

"நான் மௌத்தானதுக்குப் பொறகு போடுங்க" என்று அனுமதி தந்தார். சில வருடங்களுக்கு முன்னர் அவர் போய்விட்டார். இப்போது அவரது பிள்ளைகள், உம்மாவின் பெயரில் அது வரவேண்டாம் என்கிறார்கள். அவர்களது பேரப்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது. அந்தக் குடும்பமும் அதே தெருவில்தான் இருக்கிறது. எழுதியவரின் விருப்பம் ஒரு பக்கம், உயிரோடு இருப்பவர்களின் விருப்பம் ஒரு பக்கம். பெயரும் ஊரும் இல்லாமல் இவ்வளவையும் இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டதில் பாதிதான் இது என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதியை நிறைவேற்ற அந்தப் பிள்ளைகளின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: சொந்தக் காசில் ஐந்நூறு பிரதி, வெளியீட்டு விழா, முதற்பிரதி பெறும் தனவந்தர், கட்டிலுக்கடியில் மிச்சம். அதைப் பற்றி நமது சஞ்சிகைகளில் போதுமான அளவு அழுதாகிவிட்டது.

நேர்காணலை எழுத்தாக்கிய பிறகு ஒரு சிக்கல் உண்டு. பிரதியை எழுத்தாளரிடம் திருத்தத்துக்குக் கொடுப்பேன். அது அவர்களின் உரிமை. ‘பாரிஸ் ரிவியூ’விலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் திருத்தும்போது கருத்தை மாற்றுவதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறார்கள். வீட்டுத் தமிழில் ஒரு மணித்தியாலம் அழகாகப் பேசியவர், பேனையைக் கையில் எடுத்ததும் பரிசளிப்பு விழாத் தலைவராகிவிடுவார். ‘உம்மா’ ‘அன்னையார்’ ஆகிவிடுவார். தென்பகுதி முஸ்லிம்களின் பேச்சைத் திக்குவல்லை கமால் போன்றவர்கள் கதைக்குள் கொண்டுவந்து எத்தனையோ காலமாகிவிட்டது. தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் பேச்சு அச்சுக்கு ஆகாது என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. எனவே இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்கிறேன். அச்சுக்கு அவர்கள் திருத்தியது, எனக்கு அவர்கள் பேசியது.

ஒலிநாடாக்களைப் பற்றிய கவலை வேறு. நமது ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கிறது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கியதிலிருந்து பழைய சஞ்சிகைகள் எங்கிருந்தும் வாசிக்கக் கிடைக்கின்றன, பெரிய உபகாரம். என் நாடாக்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இருமலும் பாங்குச் சத்தமும் கோப்பை வைக்கும் சத்தமும் அப்படியே இருக்கின்றன. அவற்றை வெட்டவில்லை.

2017 இல் தெற்குக் கரையோர ஊரொன்றில் வயதான சிறுகதையாசிரியர் ஒருவரைக் காணப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். நினைவு மங்கி இரண்டு வருடமாகியிருந்தது. எதில் எழுதினீர்கள் என்று கேட்டேன்; என்னைப் பார்த்துச் சிரித்தார், பதில் இல்லை. "வாப்பாக்கு இப்ப ஒண்டும் வெளங்குறல்ல" என்று மகள் சங்கடப்பட்டார். போனதற்காக, 1974 இல் ஒரு ஞாயிறு இதழில் வந்த அவரது கதையின் நறுக்கை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். ஒரு மீன்காரர் தன் மனைவியிடம் பேசும் இடம். கண்களை மூடிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார்.

"இருக்கிறது இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"இருக்கிறது இல்ல. ஈக்கி. நான் எழுதின ஈக்கி எண்டுதான்."

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன் பத்திரிகைக் காரியாலயத்தில் யாரோ ஒருவர் ‘திருத்திய’ சொல். நான் அந்த இடத்தைத் திரும்பவும், அவர் சொன்னபடி வாசித்தேன். தலையாட்டினார். அடுத்த பந்தியில் இன்னோர் இடத்தில் கை உயர்ந்தது. பிறகு இன்னோர் இடத்தில்.

"வாசிங்கொ மகன், வாசிங்கொ" என்றார்.

நான் வாசித்துக்கொண்டே போனேன். மகள் பென்சில் தேடி உள்ளே எழுந்து போனார்.