பரிமாறும் குச்சி

2020 ஜனவரி 24. குவாங்சௌ நகரத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது மாடி. விடிந்தால் சீனப் புத்தாண்டு. கூடத்தில் கும்குவாட் செடி. கிளைக்குக் கிளை சிவப்பு உறைகள். பால்கனிக் கொடியில் இரண்டு ஜோடி காலுறைக்கு நடுவே ஒரு முகக்கவசம் கிளிப் போட்டுத் தொங்குகிறது. ஒருமுறை போட்டதும் எறிந்துவிட வேண்டிய ரகம். அப்பா சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறார்.

"ரெண்டு பெட்டி வாங்கி அனுப்பினேனேப்பா?" என்கிறாள் ஷாங்காயிலிருந்து வந்திருக்கும் மகள்.

"இருக்கும்போதுதான் சேத்து வைக்கணும்."

நாலு நாளைக்கு முன்வரை அந்தப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. வீசாட் குடும்பக் குழுவில் மகள் செய்தி போடுவாள். அப்பா பதிலுக்குப் பூண்டின் மகிமை அனுப்புவார். 20ஆம் தேதி அரசுத் தொலைக்காட்சியில் மருத்துவர் ஜோங் நான்ஷான் வந்து, இந்தப் புது வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றார். சார்ஸ் காலத்தில் இதே ஊரில் நின்று மருத்துவம் பார்த்தவர். இப்போது வயது 83. அன்றைக்கு ராத்திரியே பெட்டி பிரிந்தது. மகள் பத்து நாளாகத் தொண்டை வற்றச் சொன்னதும் அதைத்தான். எந்த வீட்டில் பிள்ளை சொல்லி அப்பா கேட்டிருக்கிறார்?

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. 2003 பிப்ரவரியில் சார்ஸ் பயத்தில் ஊரே வினிகருக்கு அலைந்தது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கிவந்து, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அடுப்பில் கொதிக்கவைத்து அந்த ஆவியில் குடும்பத்தை உட்காரவைத்தவர் அவர். அப்போது ஐந்து வயதாயிருந்த மகளுக்குக் கண் எரிந்தது மட்டும் ஞாபகம். "எதுவும் ஆகலையே, பாத்தியா?" என்கிறார் இப்போதும்.

தொலைக்காட்சியில் வூஹான். நேற்றுக் காலை பத்து மணியோடு நகரத்தை அடைத்துவிட்டார்கள். பாட்டிக்கு 81 வயது. அவளுடைய கவலை வேறு. காலையில் தேநீர் விடுதிக்குப் போகக்கூடாதாமே?

"ஊரே பட்டினியில கெடந்தப்ப எனக்கு இருபது வயசு. இப்ப கோழி இருக்கு, மீன் இருக்கு. என்னத்துக்குப் பயப்படணும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா ஆவியில் வெந்த மீனை முழுசாகத் தட்டில் இறக்குகிறாள். மகள் எழுந்துபோய் ஒரு ஜோடி குச்சி கொண்டுவந்து கோழித் தட்டின்மேல் குறுக்கே வைக்கிறாள். பரிமாற மட்டும். சார்ஸின்போது இந்த வீட்டிலும் இருந்த வழக்கம்தான். எப்போது போனதென்று யாருக்கும் நினைவில்லை. அப்பா மறுபேச்சில்லாமல் அந்தக் குச்சியால் ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார்.

பாட்டி தன் குச்சி நுனியில் ஒட்டிய சோயாவைச் சப்பிவிட்டு, அதே நுனியால் கோழித் தொடையைக் கவ்வி, மேசையைத் தாண்டிக் கையை நீட்டிப் பேத்தியின் கிண்ணத்தில் வைக்கிறாள். கை லேசாக நடுங்குகிறது. பரிமாறும் குச்சி உருண்டு மேசையில் விழுகிறது.

அப்பாவுக்குத் திடீரென்று தொலைக்காட்சியை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. எட்டு மணி, புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி தொடங்கிவிட்டது. மகளின் குச்சிகள் தொடைக்கு மேலே அசையாமல் நிற்கின்றன. பிறகு எடுத்துக் கடிக்கிறாள்.

"தோலை ஒதுக்காதே" என்கிறாள் பாட்டி.