அக்கா வாங்கும் பால்

என் அக்கா கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறார். "கடைக்குப் போய் சாமான் வாங்குற வேலைதானேக்கா?" என்று சீண்டினால் போதும், பாடம் தொடங்கிவிடும்.

தொழிற்சாலைக்கு வாங்குவது இரண்டு வகையாம். வாங்கிய பொருள் கையுறையிலேயே கலந்து வெளியே போனால் அது நேரடி மூலப்பொருள். ரப்பர் பால், கந்தகம், துத்தநாக ஆக்சைடு எல்லாம் அந்த வகை. துடைப்பம், இயந்திர எண்ணெய், அலுவலகக் காகிதம் ஆகியவை மறைமுகப் பொருள்கள்.

"துடைப்பம் ரெண்டு நாள் லேட்டா வந்தா தரை அழுக்காகும். பால் லேட்டா வந்தா மெஷினே நின்னுடும், தம்பி!"

எனக்குப் புரிந்துவிட்டது. வானொலியில் பாட்டு நேரடிப் பொருள். எனக்கு வரும் தே தாரேக் மறைமுகம்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது உலகமே கையுறை கேட்டது. பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களால் தயாராகும் நைட்ரைல் பாலுக்குக் கடும் தட்டுப்பாடு. விலையும் எகிறியது. அந்தச் சமயத்தில் மலிவு விலையில் பால் தருவதாக ஒருவர் வந்தார். தரச் சோதனை அறிக்கை மட்டும் அவரிடம் இல்லை. அக்கா வேண்டாம் என்றார். மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது. அந்த வாரம் வீட்டில் அக்கா சரியாகத் தூங்கவில்லை.

"சரக்கை வாங்கிட்டு, கையுறையைச் சோதிச்சுப் பார்க்கலாமே?" என்று கேட்டேன்.

கையுறைக்குள் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 2 நிமிடம் தொங்கவிட்டுக் கசிகிறதா என்று பார்ப்பார்களாம். ஆனால் அது மாதிரிக்கு எடுத்த சில கையுறைகளுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு உத்தரவாதம், உள்ளே போகும் பாலும் செய்முறையும்தான்.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. ஊசி குத்தும் தாதியின் நீலக் கையுறை எந்தத் தொழிற்சாலையில் செய்ததோ, அதற்குப் பால் வாங்கியவர் யாரோ, எங்களுக்குத் தெரியாது. அவரும் அக்காவைப் போலவே பிடிவாதக்காரராக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். இன்று நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு இயற்கைப் பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. பாட்டி பால் வெட்டினார். பேத்தி அதன் தரம் பார்த்து வாங்குகிறார்.

எஸ்பிஎம் முடித்து, என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், கொள்முதல் என்றொரு துறை இருப்பதையும் சொல்லுங்கள். பேரம் பேசத் தெரிந்தால் நல்லது. 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.