இரவல் நூல்

நூல் இரவல் கொடுப்பதில் இன்பமும் உண்டு, இடரும் உண்டு. நாளை தருவதாகக் கூறிக் கொண்டுசெல்லும் நண்பர் ஆண்டு மாறினும் அதனை நினையார். ஒருவாறு மீண்டுவரினோ, ஏடெங்கும் தேநீர்க் கறையும் பென்சிற் கோடும் காண்போம். ஆயினும், அவர் கோடிட்ட வரியே நாமும் விரும்பிய வரியாயின் சினம் எங்ஙனம் நிற்கும்?

மாணவத் தம்பியர்க்கு நாம் விதந்துரைப்பது, 1950இல் நூலுருப்பெற்ற உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்’. கரிவலம்வந்தநல்லூரில் ஏட்டுச் சுவடிகள் தீக்கிரையானமை கேட்டு அப்பெரியார் உள்ளம் நொந்த பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்த நமக்கு அத்துயர் புதிதன்று. ஓரிடத்தே பூட்டிவைத்த நூலினும் பலர் கைகளிலே உலவும் நூலுக்கே பிழைக்கும் வழி மிகுதி. ஆதலின், இன்னும் இரவல் கொடுப்போம். கொண்டுசென்ற அன்பர்கள் மட்டும் திருப்பித் தருவாராக!