நாற்காலி நிரப்பத் தெரிந்தவன்

எனக்கு ஒரு திறமை உண்டு. எந்த மண்டபத்தையும் நிரப்பிவிடுவேன். சுகாதாரத் துறையில் இருந்த காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். போலியோ சொட்டு மருந்து, குடும்பநல முகாம், கண்புரை முகாம் எதுவானாலும் மேலிடத்திலிருந்து ஓர் எண்ணிக்கை வரும். சாயங்காலத்துக்குள் அதைக் காட்டிவிடுவேன். ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று புற்றுநோயாளிகளுக்காக மாவட்ட மாநாடு நடத்தத் தீர்மானித்து என்னைப் பொறுப்பாளராக்கியதற்கும் அந்தத் திறமைதான் காரணம்.

மாநாடு நடந்தது. மண்டபம் நிரம்பியது. ‘சிறப்புற நடந்தேறியது’ என்று ஆண்டறிக்கையில் என் கையாலேயே எழுதினேன். அது பொய். அங்கே கெட்டுப்போனவற்றில் பெரும்பகுதி நான் தெரிந்தே கெடுத்தது.

பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அந்தத் தேதியிலேயே நடத்தினால்தான் பத்திரிகையில் வரும் என்று பிடிவாதமாக நின்றேன். அது தை மாதம்; முகூர்த்த நாட்கள் நெருக்கியடித்தன. தரைத்தளத்தில் ஹால் உள்ள மண்டபம் ஒன்றுகூடக் காலியில்லை. கிடைத்தது மாடி ஹால். லிப்ட் இல்லை, சாப்பாட்டுக்கூடம் கீழே. ‘ரெண்டு வாரம் தள்ளி வெச்சா நல்ல இடமா கிடைக்குமே’ என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். பேனரில் போட ஒரு நாள் வேண்டாமா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அந்தக் கமிட்டியில் டாக்டர் இருந்தார், நகைக்கடை முதலாளி இருந்தார், கல்லூரித் தாளாளர் இருந்தார். நோய் வந்தவர் ஒருவர்கூட இல்லை. இருக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவுமில்லை.

கீமோ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். அழைப்புப் பட்டியலைப் பார்த்ததுமே சொன்னார்: “சார், கீமோ போட்டு ஒரு வாரம் ரெண்டு வாரத்துல இருக்கிறவங்களக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீங்க. கவுன்ட் எறங்கியிருக்கும்.”

அவர் சொன்னது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. கீமோ மருந்து புற்றுச் செல்லோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். நமக்கு இருமலோடு போகிற கிருமி, அவர்களை ஐசியூ வரை கொண்டுபோய்விடும். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலே, ராத்திரி எத்தனை மணியானாலும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாம் தெரிந்தும் “சரிங்க சிஸ்டர்” என்று தலையாட்டிவிட்டு, பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் போன் போட்டேன். அவர் சொன்னபடி கழித்தால் பட்டியல் பாதியாகிவிடும். அவ்வளவுதான் காரணம். அன்று ராத்திரியே ஒருவருக்குக் காய்ச்சல் வந்து அட்மிட் ஆனார். ஊசி மருந்து ஏற்றி, பிழைத்து வீடு திரும்பினார். மண்டபத்தில்தான் தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த ‘நிரூபிக்க முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பல நாள் தூங்கினேன்.

அத்தனை பேரைக் கூப்பிட்டும் பின்வரிசைகள் காலி. தாளாளரின் நர்சிங் கல்லூரியிலிருந்து இரண்டு பஸ்ஸில் மாணவிகளை இறக்கினேன். நாற்காலி நிரம்பியது. வாசல் பதிவேட்டில் அவர்கள் பெயரும் நோயாளிகள் பெயரும் ஒன்றாகவே ஏறின. மொத்தத்தைக் கூட்டி நன்கொடையாளர்களுக்கு அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள். வரவேற்புரையில் நான் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை அவர் மறக்கவே இல்லை. அவர் முயற்சியால், 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. நல்ல கைதட்டல் கிடைத்தது. வீட்டில் கிடந்த ஒரு நோயாளியிலிருந்து அவர் ஆரம்பித்தார். மேடையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலிருந்து நான் ஆரம்பித்தேன். இது அந்த மைக் முன்னால் நின்றபோது எனக்கு உறைக்கவில்லை.

சாப்பாடு கல்யாணச் சமையல்: சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், ஊறுகாய். வந்தவர்களில் வாய்ப்புற்று, தொண்டைப்புற்றுக்காரர்கள் நிறைய. கதிர்வீச்சு கொடுத்த வாயில் உமிழ்நீர் ஊறாது, உள்ளெல்லாம் புண், சிலருக்கு விரலளவுகூட வாய் திறக்காது. அவர்களுக்கு ஒரு குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லாதவன் நான். மூக்கில் ட்யூப் போட்டிருந்த ஒரு பெரியவருக்கு எங்கே வைத்து ஊட்டுவது என்று அவர் மனைவி கேட்டார். மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கியிருந்த அறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மாலை எடுக்க அங்கே போனேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அந்த அம்மா சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, வடிகட்டிய கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி இறங்கியபின் வெந்நீர் விட்டு ட்யூபை அலச வேண்டும். “தண்ணி கிடைக்குமாங்க?” என்றார். யாரையாவது அனுப்புகிறேன் என்று சொல்லி, மாலையோடு மேடைக்குப் போனேன். யாரையும் அனுப்பவில்லை.

இதைவிடக் கேவலமானது குழுப் படம். போட்டோகிராபர் கேமராவில் பார்த்துவிட்டு, “சார், இதப் பாத்தா மகளிர் குழுக் கூட்டம் மாதிரில்ல இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நோய் தெரிய வேண்டாமா? மைக்கை வாங்கி, “தலையில துணி கட்டியிருக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்கம்மா” என்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தயங்கினார். “கூச்சப்படாதீங்கம்மா, நீங்கள்லாம் ஜெயிச்சவங்க” என்று சொல்லி, முதல் வரிசையில் நடுவில் நிறுத்தினேன். படம் போடலாமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மாவட்டப் பதிப்பில் அவர் முகம் பளிச்சென்று வந்தது. மத்தியானம் அவர் கணவர் போன் செய்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்களாம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்களாம். அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டார் இவர்கள் போனையே எடுக்கவில்லை. தாய்க்கு வந்த மார்பகப் புற்று மகளுக்கும் வரும் என்ற பயம். மார்பகப் புற்றில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரை மரபணுவால் வருவது. அதை விளக்க ஒரு டாக்டர் உரை வைத்திருந்தோம். விருந்தினர் தாமதமாக வந்ததால் நான் வெட்டிய உரைகளில் அதுவும் ஒன்று.

கணவரிடம் நான் சொன்னது இது: “பேப்பர்காரங்க எடுத்திருக்காங்கய்யா, எனக்குத் தெரியாது.” மைக்கில் கூப்பிட்ட அதே வாய்.

கேள்வி நேரத்துக்கு என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அது பத்து நிமிஷமாகச் சுருங்கியது. முன்கூட்டியே வாங்கி வைத்த துண்டுச் சீட்டுகள், மிஞ்சிய பேட்ஜ்களோடு ஒரு பையில் கிடந்தன. வெகுநாள் கழித்துத்தான் பிரித்துப் படித்தேன். ‘ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கை வீங்குது, மாவாட்டலாமா?’ ‘கரண்ட் வைக்கிறவங்க பக்கத்துல பேரப்பிள்ளை படுக்கலாமா?’ ‘மார்பின் மாத்திரை பழகிடுமா?’ ‘ரயில் சலுகைக்கு எந்த ஆபீஸ்ல எழுதித் தருவாங்க?’

ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தால் நிணநீர் தேங்கிக் கை வீங்கும். அதற்குப் பயிற்சி உண்டு, கட்டு உண்டு. வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. பேரப்பிள்ளை தாராளமாகப் பக்கத்தில் படுக்கலாம். வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும் மார்பினுக்குப் பயந்து வலியைத் தின்ன வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்று போதும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் மாடியேறி வந்தார்கள். தெரியாமலே இறங்கிப் போனார்கள்.

1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு சுகாதார மாநாடு. எய்ட்ஸ் வந்த சிலர் மேடையேறி, எங்களைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிக்கை வாசித்தார்கள். இதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் மண்டபத்தில் அப்படி யாராவது மேடையேறியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். சந்தேகமே இல்லை. மைக்கை அணைக்கச் சொல்லியிருப்பேன்.

படத்தில் வந்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், முன்னால் கூப்பிட்டு நிறுத்தியதும் நான், பொய் சொன்னதும் நான் என்று சொல்லிவிட்டேன். “மைக்ல உங்க குரல்னு எனக்குத் தெரியாதா சார்?” என்றார். உட்காரச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாக நான் எழுதிக்கொள்ள அவர் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை.

ஆண்டறிக்கையைத் திருத்தச் சொல்லி அறக்கட்டளைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாநாட்டுக் கமிட்டியில் சிகிச்சை முடித்தவர்கள் நான்கு பேரைச் சேர்த்தோம். முதல் கூட்டத்திலேயே அவர்களில் ஒருவர் கேட்டார்: “மாநாடு எதுக்குங்க? மண்டப வாடகைக்கும் பொன்னாடைக்கும் ஆகிற காச, கதிர்வீச்சுக்குத் தினம் போய் வர்றவங்களுக்குப் பஸ் செலவுக்குக் கொடுக்கலாமே. மாசம் ஒருக்கா பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்து பேச ஒரு ரூம் போதும்.” மற்ற மூவரும் ஆமோதித்தார்கள். அப்படியே தீர்மானமாயிற்று.

நானும் கை தூக்கினேன். ஆனால் தூக்கும்போது மனசுக்குள் ஒரு எரிச்சல் வந்தது. பத்துப் பேருக்கு ஒரு கூட்டமா, அதற்கு நான் எதற்கு என்று. வெட்கமாக இருந்தாலும் அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். செய்த தப்பு எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. நிரம்பிய மண்டபத்தைப் பார்க்கிற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.