அவள் தரப்பைக் கேட்டோமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி ஆனால் எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அது என் காணொளி அழைப்பு நேரம். ஒரே பல்துறைத் தொழிற்கல்லூரியில் வேறு வேறு துறைகளில் படித்து, இந்தியக் கலாசாரக் குழுவில் நண்பர்களான நாங்கள் நால்வர் அப்போது ஒரு மணி நேரமாவது பேசுவோம். வேலை, மாமியார், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் தமிழ்த் தேர்வு, யாருக்கு முதுகுவலி என்று பேச்சு எங்கெங்கோ போகும். வாரம் முழுக்க வானொலியில் நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசும் எனக்கு, கடிகாரத்தைப் பார்க்காமல் பேசக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

"எழுதினால் எழுதிக்கொள், எங்கள் பெயர் மட்டும் வேண்டாம்" என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள். அதனால் தொழிலைச் சொல்லியே அழைக்கிறேன். ஒருத்தி தாதி. ஒருவன் உயர்நிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். இன்னொருத்தி கணக்காளர். திருமணமாகி மெல்பர்ன் போனவள், அங்கேயே குடியுரிமையும் எடுத்துவிட்டாள். முன்பு நாங்கள் ஐந்து பேர். ஐந்தாமவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், கம்பளிச் சட்டையும் கையில் தேநீருமாகக் கணக்காளர் திரையில் வந்தாள். அங்கே இரவு பத்து மணி, நல்ல குளிர்.

"எனக்கு ஜூரி கடிதம் வந்திருக்கு" என்றாள்.

"நீயா? ஒரு புடவைக் கலரை முடிவு பண்ணவே மூணு கடை ஏறி இறங்குவே!" என்று தாதி சிரித்தாள்.

அவள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கிறார்கள். முதலில் ஒரு கேள்வித்தாள் வரும். தகுதி உண்டென்றால் பிறகு அழைப்பாணை வரும். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. குற்ற வழக்கு என்றால் 12 பேர் உட்கார வேண்டும். வேலைக்குப் போகாத நாள்களுக்கு நீதிமன்றம் ஒரு சிறு தொகை தரும். சம்பளத்தில் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது திரைப்படத்தில் பார்த்த சங்கதி. ஆனால் ஆசிரியர் விடவில்லை. "நம்ம ஊருலயும் இருந்துச்சு. புலாவ் செனாங் தீவுக் கலவர வழக்கைப் படிச்சிருக்கீங்களா? குற்றஞ்சாட்டப்பட்டவங்க 59 பேர். கேட்டு முடிவு சொன்ன ஜூரிங்க 7 பேர். 1963 நவம்பர்ல ஆரம்பிச்ச வழக்கு 1964 மார்ச்சுலதான் முடிஞ்சுது. 18 பேருக்குத் தூக்கு" என்றான். சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஜூரி முறை முடிவுக்கு வந்தது. திரு லீ குவான் இயூவுக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. டேவிட் மார்ஷல் அதைக் காப்பாற்ற வாதாடித் தோற்றார். மலேசியாவிலோ 1995 ஜனவரி 1 முதல்தான் அது இல்லாமல் போனது. நாங்கள் தொடக்கப்பள்ளியில் சேர்வதற்குச் சற்று முன்புவரை பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜூரி இருந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அழைப்பு நாளில் அவள் மெல்பர்ன் வில்லியம் ஸ்திரீட்டில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போனாள். பெரிய கூடத்தில் நிறையப் பேர். புத்தகம் படிப்பவர், தூங்குபவர், கம்பளி பின்னுபவர் என்று எல்லா வகையும் உண்டு. ஓர் அதிகாரி அட்டைகளை எடுத்து ஒவ்வொருவரின் எண்ணையும் தொழிலையும் வாசித்தார். எண்ணுக்குப் பின்னால் "கணக்காளர்" என்று கேட்டதும் இவளுக்குக் கால் நடுங்கியதாம். காரணம் சொல்லாமலே சிலரை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு. இவளை மறுக்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே திரையில் காத்திருந்தோம்.

"என்ன கேஸ்? கொலையா? கொள்ளையா?"

"கேட்காதீங்க. வழக்கு முடியற வரைக்கும் வெளியாள்கிட்ட அதைப் பத்திப் பேசக்கூடாது."

"நாங்க வெளியாளா?"

"என் வீட்டுக்காரர்கூட வெளியாள்தான். இணையத்துல தேடிப் பார்க்கறதும் கூடாது, அது குற்றம். நீங்க பேசுங்க, நான் கேட்கறேன்."

மூன்று வாரங்கள் இப்படிப் போயின. எப்போதும் அதிகம் பேசுகிறவள் அவள்தான். அவள் வாயை மூடிக்கொண்டதும் எங்கள் பேச்சின் போக்கே மாறியது. தாதி தன் வீவக தாழ்வாரத்தில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியைக் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பினால், தூங்கப் போகுமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் பக்கத்தில் நிற்பாளாம். "வார்டுல இருந்து நேரா கட்டிலுக்குப் போக முடியல. நடுவுல எதாவது ஒண்ணு உயிரோட பச்சையா இருக்கணும்" என்றாள். பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அவள் வேலையைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆசிரியர், ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி நாள் உணவங்காடியில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவதை ஒப்புக்கொண்டான். "வீட்டுலயும் ஸ்கூல்லயும் எல்லாரும் என்கிட்ட ஏதாவது கேட்டுட்டே இருக்காங்க. அங்க யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க" என்றான்.

"நீ சாயங்காலம் என்ன பண்றே?" என்று கணக்காளரைக் கேட்டேன்.

"பாட்டுக் கேட்கறேன். ஆனா பாடல் வரி இருக்கக்கூடாது. நாள் முழுக்க வார்த்தையாவே கேட்டுட்டு வர்றேன். இன்னொரு வார்த்தை உள்ள போகாது. உங்கப்பா போடுவாரே, அதைத்தான் ரயில்ல போறப்ப கேட்கறேன்."

அவள் சொன்னது இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பு. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒன்றே போதும், பேச்சு தேவையில்லை. கல்லூரி நாள்களில் நாங்கள் ஐவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திட்டப்பணி செய்யும்போது அப்பா அந்தக் கேசட்டைப் போட்டுவிடுவார். "இப்பக் கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்பார். நாங்கள் கண்ணால் சிரித்துக்கொள்வோம். ஐந்தாமவள் மட்டும் உண்மையாகவே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அப்பாவுக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். தாதி இரவு வேலை முடித்து நேராக வந்தாள். ஆசிரியர் இரண்டு நாளும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மண்டாய் வரை வந்தான். கணக்காளர் விமானம் ஏறி வந்தாள். இதே ஊரில், நான்கு எம்ஆர்டி நிலையம் தள்ளி இருந்த ஐந்தாமவள் வரவில்லை. அழைக்கவும் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு நாங்கள் நால்வரும் அதைப் பற்றிப் பேசினோம். பத்து நிமிடம்கூட இருக்காது. "பதவி உயர்வு வந்ததுலேர்ந்தே மாறிட்டா" என்றேன் நான். மற்றவர்களும் ஆளுக்கொரு பழைய கதையை எடுத்துவைத்தார்கள். யாருடைய திருமணத்துக்கோ தாமதமாக வந்தது, எப்போதோ அழைப்பை எடுக்காதது. சண்டை எதுவும் போடவில்லை. அவளைக் குழுவிலிருந்து நீக்கவும் இல்லை. நால்வருக்கு மட்டும் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அவ்வளவுதான்.

வழக்கு முடிந்த ஞாயிறு கணக்காளர் சோர்ந்து தெரிந்தாள். ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது அங்கே குற்றம். வழக்கு முடிந்த பிறகும் சொல்லக்கூடாது. நாங்களும் கேட்கவில்லை.

அவளே சொன்னாள்: "அந்த ரூம்ல நடந்ததைச் சொல்லல, என்னைப் பத்தி மட்டும் சொல்றேன். முதல்ல அரசுத் தரப்பு வக்கீல் பேசுவார். அதைக் கேட்ட அன்னிக்குச் சாயங்காலமே நான் மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டேன். ரயில்ல உட்கார்ந்து, 'இதுக்கு ஏன் இத்தனை நாள்?'னு நினைச்சேன். நல்லவேளை, அன்னிக்கு யாரும் என்னைக் கேட்கல. நீதிபதி திரும்பத் திரும்ப ஒண்ணுதான் சொன்னார். எல்லாத்தையும் கேட்டு முடிக்கற வரைக்கும் மனசைத் திறந்து வைங்க."

கொஞ்சம் நிறுத்தி, "நாம அவளைப் பத்திப் பேசினோமே, அன்னிக்கு அவ அங்க இருந்தாளா?" என்றாள்.

யாரைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை.

"வரலைங்கறது உண்மைதானே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உண்மைதான். ஏன் வரலைன்னு யாராவது கேட்டோமா?"

வானொலி நிலையத்தில் சில விநாடிகள் ஒலி நின்றால் எச்சரிக்கை வந்துவிடும். பத்து ஆண்டுகளாக அந்த எச்சரிக்கைக்குப் பயந்தே பிழைக்கிறேன். நேயர் ஒருவர் பேச்சைச் சற்று நிறுத்தினாலும் உடனே நான் ஒரு வாக்கியத்தைப் போட்டு நிரப்பிவிடுவேன். அன்று திரையில் நால்வரும் பேசாமல் இருந்த நேரத்தை நிரப்ப என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை.

அழைப்பு முடிந்ததும் பழைய குழுவைத் தேடினேன். ஒலியை அடைத்து வைத்திருந்ததால் கைப்பேசியில் எங்கோ அடியில் கிடந்தது. திறந்தேன். கடைசிச் செய்தி அவளுடையது. புதிய குழு தொடங்கி மூன்று வாரம் கழித்து அனுப்பியிருந்தாள்.

"யாராவது ஃப்ரீயா இருந்தா கூப்பிடுங்க. அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்தச் செய்தி என் கைப்பைக்குள், என் தலையணைக்கு அருகில், நான் போன இடமெல்லாம் என்னோடு வந்திருக்கிறது. சாட்சியம் எங்கள் கையில்தான் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

மணி பத்தரை. அந்த நேரத்தில் யாரையும் அழைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்லடி. சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு. இன்னிக்கு நான் கேட்கத்தான் கூப்பிட்டேன்."

முதலில் அழுதாள். நான் நிரப்பவில்லை. பிறகு சொன்னாள். அப்பா இறந்த அந்த வாரம் அவள் இருந்த இடம் ஒரு மருத்துவமனை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அது என்னை நம்பிச் சொன்னது. நாங்கள் நால்வரும் அன்று எடுத்துவைத்த காரணங்களில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"உனக்கு அப்பா போன நேரம். அங்க வந்து என் கதையையும் வைக்கணுமான்னு இருந்துச்சு. அப்புறம் மெசேஜ் போட்டேன். யாரும் பதில் போடல. கோபமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளும் எங்கள் தரப்பைக் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஆனால் அவள் கேட்டுப் பார்த்தாள், நாங்கள்தான் பதில் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள். விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளை ஓர் அழைப்பில் துடைத்துவிட முடியாது.

இப்போது ஞாயிறு அழைப்பு பழைய குழுவில் நடக்கிறது. முதல் சில வாரங்கள் எல்லாரும் கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். பிறகு ஒருநாள் தாதியின் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து, "அதுல பாதி இலை சாம்பார்லதான் இருக்கும்போல" என்று அவள் கிண்டல் செய்தாள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த மாதம் அப்பாவின் திவசத்துக்கு வந்திருந்தாள். அவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாட்டைப் போடேன்" என்றாள். கேசட் இழுபட்டுப் போய்ப் பல நாளாகிறது. கைப்பேசியில் போட்டேன். வயலின் தொடங்கியதும் அவள் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தாள். நானும் வைத்தேன். முடியும் வரை இருவரும் பேசவில்லை.